மீன் தொட்டிக்கு எதுக்கு கொம்பியூட்டர்?



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் நேரம் எடுத்து முழுசாக வாசிங்க. உடன்படாவிட்டால் கீழே எழுதுங்க, பேசுவோம்.

மஸ்கெலியாவில் மீன் தொட்டி வாங்கி, மீன் செத்து, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்காத வீடு குறைவு. கொழும்பில் வேலை செய்கிற மாமா பொலித்தீன் பையில் நாலு கப்பியும் ரெண்டு ஏஞ்சலும் கொண்டு வருவார். ஒரு மாசம் பிள்ளைகள் தொட்டியடியிலேயே கிடப்பார்கள். தை மாசக் குளிரில் ஒரு விடியக்காலை மீன் மிதக்கும். "கண் பட்டிருச்சு" என்று சொல்லி விடுவோம். கண் படவில்லை, குளிர் பட்டிருக்கிறது.

கப்பிக்கு 22 முதல் 28 பாகை செல்சியஸ் வரை தேவை. ஏஞ்சலுக்கு 24க்குக் கீழே போனால் கஷ்டம். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில். நீர்கொழும்பில் ஹீட்டர் இல்லாமல் நன்றாக வாழ்ந்த மீன், இங்கே இரவில் சுவெட்டர் இல்லாமல் நடுங்குகிறது. இதோடு நம் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். கப்பிக்கும் மொலிக்கும் கொஞ்சம் வன்னீர்தான் பிடிக்கும். ஆகவே எல்லா மீனும் குளிரால்தான் சாகிறது என்று சொல்ல வரவில்லை. ஏன் செத்தது என்று நாம் பார்ப்பதே இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறோம். பார்க்க வேண்டுமானால் அளக்க வேண்டும். அளக்கிற பழக்கம் நம் வீடுகளிலும் இல்லை, உண்மையைச் சொன்னால் நம் பாடசாலைகளிலும் குறைவு.

இங்கேதான் அந்தச் சின்னக் கொம்பியூட்டர் வருகிறது.

ரெஸ்பெரி பை என்று பெயர். பேங்க் கார்ட் அளவு ஒரு சர்க்யூட் போர்ட், அதற்குள் முழுக் கொம்பியூட்டரும் இருக்கிறது. இதை யாரும் மீன் தொட்டிக்காகச் செய்யவில்லை. பிள்ளைகளுக்காகத்தான் செய்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைகிறது, வருகிறவர்களுக்கும் பழைய பிள்ளைகள் மாதிரி கைப்பழக்கம் இல்லை என்பதை எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் கவனித்தார்கள். காரணம், வீட்டிலிருந்த கொம்பியூட்டர் பாவிக்கிற சாமான் ஆகிவிட்டது, கழற்றிப் பூட்டிப் பார்க்கிற சாமானாக இல்லை. உடைந்தாலும் வீட்டில் அடி விழாத விலைக்கு ஒன்று வேண்டும் என்று நினைத்தார்கள். 2012 பெப்ரவரி 29ஆம் திகதி 35 டொலர் விலையில் அதைக் கொண்டு வந்தார்கள். 2021இல் பிக்கோ என்று 4 டொலருக்கு இன்னொன்று வந்தது. அது முழுக் கொம்பியூட்டர் அல்ல. ஒரு வேலையை மட்டும் சொல்லிக் கொடுத்து ஓட விடுகிற சின்னச் சில்லு. எங்கள் தேவைக்கு அதுவும் போதும்.

இதை மீன் தொட்டிக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ரஞ்ஜிப் டே என்ற மென்பொருள் பொறியியலாளர். பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டிக்கு வெப்பநிலை, வெளிச்சம், நீர்மட்டம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கடையில் விற்கிற கட்டுப்பாட்டுக் கருவிகள் நூற்றுக்கணக்கான டொலர். அவர் ரெஸ்பெரி பையை வைத்து 'ரீஃப்-பை' என்று ஒன்றைச் செய்து, அதன் புரோகிராம் முழுவதையும் யாரும் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்தார். இன்று உலகத்தில் பல நாடுகளில் மீன் வளர்க்கிறவர்கள் அதைப் பார்த்துத் தாங்களே வயர் பிடித்துச் செய்கிறார்கள். தொட்டியின் சூட்டைக் கைபேசியில் பார்க்கலாம். ஏதாவது பிசகினால் மின்னஞ்சல் வரும்.

நமக்குப் பவளமும் வேண்டாம், கடல்நீரும் வேண்டாம். நாலு கப்பிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஆசிரியர்கள் சிலரும் மாணவர்கள் சிலரும் சேர்ந்து நாங்கள் செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறோம். முதல் வேலை ஒரு சென்சர். டி.எஸ்.18பி20 என்று கேட்டால் தெரிந்த கடைகளில் தருவார்கள். தண்ணீர் புகாத உலோகக் குழாய்க்குள் வைத்தது, மூன்று வயர், அரைப் பாகைக்குள் சரியாகச் சொல்லும். அதோடு 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று. ஒரே வயரில் இரண்டு மூன்று சென்சரும் இணைக்கலாம். ஒன்றைத் தண்ணீருக்குள்ளும் ஒன்றை வெளியே காற்றிலும் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கச் சொன்னோம்.

மறுநாள் வரைபைப் பார்த்த பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். காற்றின் கோடு இரவில் சடாரென்று இறங்குகிறது. தண்ணீரின் கோடு ஆறுதலாக இறங்குகிறது, காலையில் ஆறுதலாகவே ஏறுகிறது. தன்வெப்பக் கொள்ளளவு என்று விஞ்ஞானப் புத்தகத்தில் பாடமாக்கிய சொல் அது. பாடமாக்கியவர்களுக்கு அன்றைக்குத்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு கணக்கு. தொட்டியில் 50 லீற்றர் தண்ணீர், 100 வோட் ஹீட்டர். ஒரு பாகை கூட்ட எவ்வளவு நேரம்? 50 கிலோகிராமை 4,200ஆல் பெருக்கினால் 210,000 யூல். ஒரு செக்கனுக்கு 100 யூல் என்றால் 2,100 செக்கன், அதாவது 35 நிமிடம். அதுவும் வெளியே சூடு போகாவிட்டால்தான். நம் ஊரில் போகும். அப்படியானால் 17 பாகையில் கிடக்கிற தண்ணீரை 24க்குக் கொண்டு வர நாலு மணித்தியாலத்துக்கு மேல். தொட்டிக்கு மூடி போட்டால் என்ன ஆகும், பின்பக்கம் ரெஜிபோம் ஒட்டினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி பிள்ளையிடமிருந்து வந்தால் பாடம் பாதி முடிந்த மாதிரி.

ஹீட்டரைப் போட்டு அணைக்கிற புரோகிராம் மூன்று வரிதான். தண்ணீர் 24க்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு. 25க்கு மேலே போனால் அணை. இரண்டுக்கும் நடுவில் என்றால் இருக்கிறபடியே விடு. அந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால் 24இல் நின்று கொண்டு ரிலே டிக் டிக் என்று ஓயாமல் அடித்து, கெதியாகப் பழுதாகிவிடும். சாதாரண தரத்தில் பாஸ்கலிலும் உயர் தரத்தில் பைதனிலும் நிபந்தனைக் கூற்று படிக்கிறார்கள். புள்ளி 50க்கு மேல் என்றால் சித்தி, இல்லாவிட்டால் சித்தியில்லை என்ற அதே உதாரணத்தை எத்தனை வருசம்தான் எழுதுவது? அந்தப் புரோகிராமில் பிழை விட்டால் ஒன்றும் நடக்காது. இதில் பிழை விட்டால் ஒரு உயிர் போகும். பிள்ளைகள் இரண்டு தரம் பார்த்து எழுதுகிறார்கள்.

ஒரு நாள் சென்சர் 85 என்று காட்டியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், 85ன்னா மீன் அவிஞ்சிருக்கணுமே, நல்லாத்தானே நீந்துது?"

அந்தச் சென்சர் இப்போதுதான் உயிர் பெற்று இன்னும் அளக்கவில்லை என்றால் 85 என்றுதான் காட்டும். அது அதன் குணம். வயர் ஆடியிருந்தது. இந்தப் பிள்ளையின் கேள்வியைத்தான் நாங்கள் இந்தப் பதிவில் பெரிதாகச் சொல்ல விரும்புகிறோம். மெசின் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டாமல், கண்ணால் மீனைப் பார்த்து, இரண்டும் பொருந்தவில்லையே என்று கேட்டது அந்தப் பிள்ளை. வட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொன்றையும் வாசிக்காமலே முன்னனுப்புகிற ஊரில், இந்தக் கேள்விக்கு எவ்வளவு பெறுமதி என்று யோசிங்க.

அதற்குப் பிறகு புரோகிராமில் இன்னொரு வரி சேர்த்தார்கள்: 10க்குக் கீழேயும் 35க்கு மேலேயும் வருகிற எண்ணை நம்பாதே, ஹீட்டரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடு.

அடுத்த கேள்வி இன்னும் பெரியது. இந்தக் கருவி பழுதானால் எந்தப் பக்கம் பழுதாக வேண்டும்? கொம்பியூட்டர் நின்று போனால் ஹீட்டர் அணைந்து கிடப்பது நல்லதா, எரிந்து கொண்டே கிடப்பது நல்லதா? அணைந்தால் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் குளிரும், காலையில் யாராவது பார்த்துவிடலாம். எரிந்து கொண்டே இருந்தால் மீன் அவிந்துவிடும். ஆகவே ஹீட்டரை, ரிலே வேலை செய்தால் மட்டும் கரண்ட் போகிற பக்கத்தில் இணைக்க வேண்டும். பில்டர் அதற்கு எதிர்மாறு. கொம்பியூட்டர் செத்தாலும் பில்டர் ஓட வேண்டும். ரிலேயே ஒட்டிப் பிடித்துக் கொண்டால்? அதற்குத்தான் ஹீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கிற தானியங்கிக் கட்டுப்பாட்டை 26இல் வைத்துவிட வேண்டும். ஒரு காவலாளி தூங்கினால் இன்னொருவன் விழித்திருப்பான்.

ஒரு காரியத்தைத் தொடங்கும்போதே, இது பிசகினால் யாருக்குச் சேதம் என்று யோசிக்கிற பழக்கம் மீன் தொட்டிக்கு மட்டும் உரியது அல்ல. சீட்டுப் பிடிக்கிறவருக்கும் வேன் ஓட்டுகிறவருக்கும் மருந்து கொடுக்கிறவருக்கும் அது வேண்டும். புத்தகத்தில் அதற்குப் பாடம் இல்லை. 50 லீற்றர் தண்ணீரில் இருக்கிறது.

இனி, நம்மவர்கள் சொல்கிற மறுப்புகளுக்கு வருவோம். எல்லாம் நியாயமான மறுப்புகள்தான்.

"ஹீட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்ததே, எதுக்கு கொம்பியூட்டர்?" உண்மை. மீன் உயிரோடு இருப்பது மட்டும்தான் வேண்டுமென்றால் தானியங்கி ஹீட்டரும் ஒரு தேர்மோமீட்டரும் போதும். அதுவும் வேண்டாமென்றால் தங்கமீன் வளருங்க, 18 முதல் 22 பாகை அதற்குச் சுகம், நம் ஊர்க் குளிர் பெரும்பாலும் பொருந்தும். பெரிய தொட்டியும் நல்ல பில்டரும் மட்டும் வேண்டும், அது அழுக்குக் கூடப் போடுகிற மீன். கொம்பியூட்டர் தேவைப்படுவது மீனுக்கு அல்ல, பிள்ளைக்கு. இதை மறைக்கத் தேவையில்லை.

"காசு?" போர்டின் விலை டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது நம் எல்லாருக்கும் தெரியும். கப்பல் கூலியும் வரியும் அதுக்கு மேலே. கொழுந்து பறிக்கிற வீட்டில் இதை வாங்கச் சொல்கிற அளவுக்கு நாங்கள் ஊரை அறியாதவர்கள் அல்ல. ஒரு பாடசாலைக்கு ஒன்று போதும் என்றுதான் சொல்கிறோம். ஒரு விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடுகிற செலவில் பல பிள்ளைகள் பல வருசம் தொட்டுப் படிக்கலாம்.

"கரண்டும் தண்ணியும் ஒண்ணா? பிள்ளைக்கு ஷொக் அடிச்சா?" இந்தப் பயம் சரியான பயம். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. பிள்ளைகளின் கை 5 வோல்ற்றுக்கு மேல் எதையும் தொடக்கூடாது. 230 வோல்ற்றுப் பக்கத்தைத் தகுதியுள்ள மின்சார வேலைக்காரர் ஒருவரே மூடிய பெட்டிக்குள் செய்து தர வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் இல்லாத இடத்தில் செய்யவே வேண்டாம். பிளக்கை நோக்கிப் போகிற வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே போக வேண்டும், அப்போதுதான் வயர் வழியாக வழிகிற தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குள் கை வைக்குமுன் எல்லா பிளக்கையும் கழற்ற வேண்டும். பழைய வயரிங் இருக்கிற லயத்து வீடுகளில் ரிலே வேலையே வேண்டாம். சென்சர் மட்டும் வைத்து அளந்து எழுதினாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

"இதெல்லாம் விளையாட்டு, ஓஎல் ரிசல்ட் வந்தால் போதும்." இதற்குத்தான் நாங்கள் கொஞ்சம் கடுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓஎல் எழுதிய பிறகு நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? டவுன் பிள்ளை கடைக்கு. தோட்டத்துப் பிள்ளை கொழும்புக்கு, அதுவும் கடைக்குத்தான். உழைக்கிறது எதுவும் கேவலம் இல்லை. ஆனால் பத்து விரலிலும் கெட்டித்தனம் இருக்கிற பிள்ளை, தன் கெட்டித்தனம் என்னவென்று ஒருமுறைகூடத் தெரிந்துகொள்ளாமல் கல்லாவடியில் போய் நிற்பது நமக்குப் பாதகம். ஹட்டனில் போன் திருத்துகிற பொடியன்களைப் பாருங்க. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் எத்தனை பேர் அங்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மயிரிழை வயரைப் பற்றவைக்கிறார்கள்! அந்தக் கையை நாம் வகுப்பில் காணவில்லை. காண்கிற மாதிரி ஒன்றும் நாம் மேசையில் வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலைத் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கட்டடங்களைப் பார்க்க ஊரே போகிறோம், போட்டோ எடுக்கிறோம். அந்தத் தண்ணீர்தான் கெனியனில் மின்சாரமாகிறது, பிறகு லக்சபானப் பக்கம் இறங்கி களனி கங்கையில் சேர்கிறது. நீர்மட்டம் எவ்வளவு, எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்று ஒவ்வொரு நாளும் அளந்து தீர்மானிக்கிறார்கள். மட்டம் பார்க்கிற கருவி, எல்லைக் கோடு, திறக்கிற கதவு. மீன் தொட்டியில் நாம் செய்வதும் இதேதான், அளவு மட்டும் சின்னது. நம் ஊரைத் தாழ்த்தித் தேக்கிய தண்ணீர், நம் வாசலிலேயே அளக்கப்படுகிறது. அளக்கிற இடத்தில் நம் பிள்ளை எத்தனை பேர்? யாரையும் குறை சொல்லக் கேட்கவில்லை. நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

மெசினால் ஆகாததையும் சொல்லிவிடுகிறோம். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். பில்டரில் வளர்கிற பக்டீரியா அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பக்டீரியா வளர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நிறைய மீன் போட்டால் எந்தக் கொம்பியூட்டராலும் காப்பாற்ற முடியாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த மாதிரி நாளில் பில்டர் நின்றால் பக்டீரியாவும் மூச்சு முட்டிச் சாகும். அன்றைக்கு உதவுவது பெட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ஏர் பம்பும், மேலே வந்து வாய் பிளக்கிற மீனைக் கவனிக்கிற ஒரு பிள்ளையும்தான். வாயில்லாச் சீவனை வீட்டுக்குக் கொண்டு வந்தால் அது நம் கையில் கொடுத்த அமானிதம். அதைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்க முடியாது. கருவி செய்யக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இது மற்றவர்களைவிட நன்றாக விளங்குகிறது, ஏனென்றால் கருவி எங்கெங்கே பொய் சொல்லும் என்று அதற்குத் தெரியும்.

மீன் ஏற்றுமதி செய்து எல்லாரும் பணக்காரராகலாம் என்று ஆசை காட்ட மாட்டோம். இலங்கை பல பத்தாண்டுகளாக அலங்கார மீன் ஏற்றுமதி செய்கிற நாடு, நீரியல் வளர்ப்புக்கென்றே நக்டா என்ற அரச நிறுவனமும் இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலின் பெரும்பகுதி சூடான தாழ்நிலத்தில். குளிர் நமக்குச் செலவு. வருமானம் வந்தால் சந்தோசம். வராவிட்டாலும் பிள்ளை கற்றது நட்டமாகாது. சென்சர், எல்லை, ரிலே என்ற இதே மூன்றையும் காளான் கொட்டிலுக்கும் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கும் நாற்றுமேடைக்கும் கொண்டு போகலாம். கொழுந்து வாட்டுகிற தொழிற்சாலையிலும் வெப்பத்தையும் ஈரத்தையும்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சின்னது. நம் ஊரில் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு தொட்டி, ஒரு போர்ட், இரண்டு சென்சர். முதல் தவணையில் அளப்பது மட்டும். இரண்டாம் தவணையில் வரைபும் கணக்கும். மூன்றாம் தவணையில், மின்சார வேலைக்காரர் ஒருவர் கூட நின்றால் மட்டும், ரிலே.

பழைய மாணவர்களே, கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறவர்களே, வரும்போது சொக்லட்டோடு ஒரு போர்டும் கொண்டு வாங்க. போனின் பழைய சார்ஜரை அதற்குக் கொடுக்க வேண்டாம், போதிய கரண்ட் வராமல் அடிக்கடி நின்றுவிடும், அதற்குரிய 5 வோல்ற்று சப்ளையையே வாங்குங்க. கடை வைத்திருக்கிறவர்கள் பழைய மொனிட்டரோ கீபோர்டோ இருந்தால் தூக்கிப் போட முன் ஒரு வார்த்தை சொல்லுங்க. மின்சார வேலை தெரிந்த தம்பிமார், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் தாங்க. சக ஆசிரியர்களே, இது எங்கள் பாடம் இல்லை என்று சொல்லாதீங்க. கணக்கு சேருக்கும் இடம் இருக்கிறது, விஞ்ஞான டீச்சருக்கும் இருக்கிறது, மீனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிற தமிழ் டீச்சருக்கும் இருக்கிறது.

உம்மாமார், அம்மாமாருக்கும் ஒன்று: பிள்ளை இனி மீன் ஏன் செத்தது என்று கேட்டால், கண் பட்டது என்று சொல்லிக் கேள்வியை மூடிவிடாதீங்க. தண்ணி எத்தனை பாகை இருந்தது என்று திருப்பிக் கேளுங்க.

இன்ஷா அல்லாஹ், உதவ நினைக்கிறவர்கள் கீழே எழுதுங்க. தெரிந்தவர்களுக்கும் பகிருங்க.